எழும்பு கூரை: நாற்சக்கர இயக்க வண்டியின் கூரையைப் படுக்கையாக மாற்றுதல்

எழும்பு கூரை என்பது, வண்டி ஓடும்போது மேலே தட்டையாகப் படிந்திருந்து, நின்றபின் கீல்களின் மேல் உயர்ந்து, கான்வாஸ் சுவர்களுடன் ஒரு சிறு படுக்கையறையாக விரியும் கூரை அமைப்பாகும். வேன்களில் இது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கத்தில் உள்ளது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை, ஜீப் ராங்லர் போன்ற, சாலை முடிந்த இடத்திலிருந்து பயணத்தைத் தொடங்கும் வண்டிகளில் இதைப் பொருத்துவது சற்று வேறுபட்ட வேலை. சுற்றுலா வேன் பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே ஓடுகிறது. இவ்வண்டிகளோ பாறைகளின் மீதும் வறண்ட ஆற்றுப்படுகைகளிலும் ஒரு சக்கரம் மேலே, மறு சக்கரம் பள்ளத்தில் என்று முறுக்கப்படுகின்றன. அந்த முறுக்கலைத் தாங்குவதில் கூரைக்கும் பங்கு உண்டு. ஆகவே துளை வெட்டுவது இம்மாற்றத்தில் எளிய பகுதி. வெட்டியெடுத்த வலிமையை வண்டிக்குத் திருப்பித் தருவதே வேலையின் பெரும்பங்கு.

கூரைக்கூடாரத்திலிருந்து வேறுபாடு

வண்டியின் மேலுள்ள சுமைச்சட்டத்தில் பொருத்தப்படும் மடிப்புக் கூடாரம் கூரைக்கூடாரம் எனப்படும். அதற்கு எதையும் வெட்ட வேண்டியதில்லை. வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். வண்டியை விற்றாலும் கூடாரம் உரிமையாளரிடமே இருக்கும். செலவும் குறைவு. அப்படியிருந்தும் பலர் கூரையை வெட்டத் துணிவதற்குக் காரணம் உள்வழி. கூரைக்கூடாரத்தில் ஏற வெளியே இறங்கி ஏணியைப் பிடிக்க வேண்டும். மழையிலும், பனியிலும், சிங்கமும் கழுதைப்புலியும் நடமாடும் தென்னாப்பிரிக்க முகாம்களிலும் அது சிறிய விஷயமன்று. எழும்பு கூரையில் வண்டிக்குள் இருந்தபடியே மேலே ஏறலாம். நடு இரவில் கிளம்ப நேர்ந்தால் இறங்கி, கூரையை இழுத்துப் பூட்டி, ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது பயன் பகலில் தெரியும். டிஃபெண்டர் போன்ற வண்டியின் பின்பகுதியில் யாராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. கூரையை உயர்த்திப் படுக்கைப் பலகையின் பாதியைத் தூக்கிவிட்டால் நின்றுகொண்டே சமைக்கலாம், உடை மாற்றலாம். இரண்டு நாள் விடாமல் மழை பெய்யும் இடத்தில் வண்டிக்குள் முடங்கியவர்களுக்கு, படுக்கையைவிட இந்த நிற்கும் இடமே பெரிதாகத் தோன்றும்.

வரலாறு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஃபோக்ஸ்டன் நகரில் இயங்கிய மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம், 1950-களில் பெட்ஃபோர்டு வேன்களைத் தூங்கும் வண்டிகளாக மாற்றி ‘டார்மொபைல்’ என்ற பெயரில் விற்றது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அவற்றுக்கு எழும்பு கூரை வந்தது. நீள்பக்கத்தில் கீல் வைத்து, பக்கவாட்டில் திறந்து, பட்டைக் கோடு போட்ட துணியுடன் உயரும் அந்தக் கூரையின் இருபுறமும் தொங்கு கட்டில் போன்ற படுக்கைகள் இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் இதே கூரை 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட லேண்ட் ரோவரிலும் ஏறியது. மேலே இருவர், இருக்கைகளை மடக்கிக் கீழே இருவர் என நால்வர் படுக்கலாம். கரடுமுரடான பாதைக்கென்றே உருவான வண்டியில் எழும்பு கூரை தொழில்முறையாகப் பொருத்தப்பட்டதற்கு முன்னோடி இதுவே எனலாம். அக்காலப் பிரிட்டனில் கார்களின் மீதிருந்த கொள்முதல் வரி முகாம் வண்டிகளுக்கு இல்லை என்பதும் இத்தொழில் தழைக்க ஒரு காரணம்.

ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேன்களில் இவ்வகைக் கூரையைப் பரப்பியது. 1980-களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நாற்சக்கர இயக்கம் சேர்க்கப்பட்ட ‘சின்க்ரோ’ வேன்களிலும் அது கிடைத்தது. இன்று தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குறிப்பிட்ட வண்டிகளுக்கென்றே ஆயத்தக் கூரைகள் செய்யும் பட்டறைகள் உள்ளன. கேப் டவுனைச் சேர்ந்த ஆலுகேப் நிறுவனம் டிஃபெண்டருக்குச் செய்யும் ‘இகாரஸ்’ கூரை அவற்றுள் பெயர்பெற்றது.

கூரை செய்யும் வேலை

கூரை என்பது மழையைத் தடுக்கும் மூடி என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மூடியை ஒட்டிய பெட்டியை இரு மூலைகளில் பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையாது. மூடியை வெட்டியெடுத்தபின் அதே பெட்டி கையில் நெளியும். வண்டியின் உடற்கூடும் அப்படித்தான். கூரைத் தகடு இடப்பக்கச் சுவரையும் வலப்பக்கச் சுவரையும், முன் கண்ணாடிச் சட்டத்தையும் பின்கதவுச் சட்டத்தையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்தத் தகடு போனால் நான்கு சுவர்களும் இணைகரம் போலச் சரியத் தொடங்கும். கதவுகள் சரியாக மூடாமை, முன் கண்ணாடியில் விரிசல், மூலைகளில் நீர்க்கசிவு ஆகியவை அதன் முதல் அறிகுறிகள்.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி எஃகு அடிச்சட்டம் இருப்பது ஓரளவு ஆறுதல். முறுக்கலின் பெரும்பகுதியை அதுவே ஏற்கிறது. ஆனால் வண்டி உருண்டால் அடிச்சட்டம் உதவாது. அப்போது உள்ளிருப்பவர்களின் தலைக்கு மேல் இருப்பது கூரையும் அதைத் தாங்கும் தூண்களும்தான். கூரைத் தகட்டின் அடியில் குறுக்காக ஓடும் வளைந்த சட்டங்கள் அந்தத் தூண்களை இணையாக இணைக்கின்றன. படுக்கைக்கு வழிவிட இவற்றில் இரண்டு மூன்றை வெட்டவேண்டியிருக்கும். அவற்றுக்கு ஈடு செய்யாத எழும்பு கூரை, எவ்வளவு அழகாகத் திறந்து மூடினாலும், அரைகுறை வேலையே.

ஈடு செய்யும் வழி சுற்றுச்சட்டம். வெட்டுவாயின் நான்கு பக்கமும் ஓடும், குழல் வடிவக் குறுக்குவெட்டு கொண்ட எஃகு அல்லது அலுமினியச் சட்டம் அது. தட்டைப் பட்டையைவிடக் குழலே முறுக்கலை எதிர்க்கும் என்பதால் வெறும் பட்டையை வளைத்துப் பொருத்துவது போதாது. இச்சட்டம் தூண்களின் தலைகளோடு இணைய வேண்டும். தகட்டோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. கடினமான நிலத்தில் ஓட்டுபவர்கள் முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு முழு வளைவுக் கம்பியையும் அடிச்சட்டம் வரை இறக்கிப் பொருத்துவர்.

வண்டிக்கு வண்டி வேறுபாடு

1948 முதல் வந்த லேண்ட் ரோவர்களிலும், 2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டரிலும் கூரை தனி உறுப்பு. முன் கண்ணாடிச் சட்டத்தோடும் பக்கச் சுவர்களோடும் வரிசையாகப் போல்ட்டுகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கும். சாவிக்கொத்து ஒன்றும் இரண்டு மூன்று பேரின் கைகளும் இருந்தால் முழுக் கூரையையும் கழற்றி இறக்கிவிடலாம். ஆகவே இவ்வண்டியில் வெட்டும் வேலையே தேவைப்படாது. பழைய கூரையை எடுத்துவிட்டு, சுற்றுச்சட்டத்தோடு சேர்த்துச் செய்த புதிய கூரையை அதே போல்ட் துளைகளில் அமர்த்தலாம். பழைய கூரையைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எழும்பு கூரை மாற்றத்துக்கு டிஃபெண்டரே முதல் தேர்வாக இருப்பதற்கு அதன் புகழைவிட இந்தப் போல்ட்டுகளே காரணம்.

டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையின் நீண்ட உடல் கொண்ட வகையை ஆஸ்திரேலியர்கள் ‘ட்ரூப்பி’ என்பர். அதன் கூரை எஃகு, உடலோடு பற்றவைக்கப்பட்டது. அங்கே வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எனினும் உடல் நீளமானது, பக்கச் சுவர்கள் செங்குத்தானவை, அடிச்சட்டம் வலியது என்பதால் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் எழும்பு கூரையோடு மிகுதியாகக் காணப்படும் வண்டி இதுதான்.

ஜீப் ராங்லர் மூன்றாம் வகை. அதன் வன்கூரை கழற்றக்கூடியது. கூரையே இல்லாமல் ஓட்டவும் உரிய வண்டி என்பதால் பயணிகளைச் சுற்றி எஃகுக் கம்பிக்கூடு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுள்ளது. கலிபோர்னியாவின் அர்சா மைனர் நிறுவனம் நான்கு கதவு ராங்லருக்குச் செய்த கண்ணாடி இழைக் கூரை, வன்கூரையின் இடத்தில் அப்படியே அமரும். வலிமை பற்றிய கவலை இங்கே மிகக் குறைவு, இடம்தான் குறைவு.

2020-இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டர் பெயரளவிலேயே பழையதன் வாரிசு. அதற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. அலுமினிய உடற்கூடே முழு வலிமையையும் தாங்குகிறது. மேலும் இக்கால வண்டிகள் பலவற்றில் கூரையின் பக்க விளிம்புக்குள் திரைக் காற்றுப்பைகள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. அங்கே துளையிட்டால் விபத்தில் பை விரியாமல் போகலாம். வேலையின்போதே வெடிக்கவும் கூடும். இத்தகைய வண்டியைத் தெரு முனைப் பட்டறையில் வெட்டுவதை எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியாது.

திறக்கும் விதம்

முன்புறக் கீல், பின்புறக் கீல், பக்கக் கீல், நான்கு மூலையும் சமமாக உயர்தல் என நான்கு விதங்கள் உண்டு. முன்புறம் கீல் வைத்து பின்புறம் உயரும் ஆப்பு வடிவமே இன்று அதிகம். பின்கதவருகே நிற்க உயரம் கிடைக்கும். பூட்டு தவறினாலும் எதிர்க்காற்று கூரையைத் தூக்கித் தலைகீழாக மடிக்காது. பின்புறம் கீல் வைத்தால் முன் இருக்கைகளுக்கு மேல் உயரம் கிடைக்கும். ஆனால் ஓடும்போது பூட்டு விட்டால் காற்று நேராக உள்ளே புகுந்து கூரையைப் பிய்த்தெடுக்கும். டார்மொபைலின் பக்கக் கீல் வண்டியின் நீளம் முழுவதும் ஒரே உயரம் தந்தது. நான்கு மூலையும் உயர்வது உள்ளே மிகுந்த இடம் தரும். ஆனால் சுற்றிலும் துணிச்சுவராக இருப்பதால் காற்றில் ஆடும், இயக்கமுறையும் சிக்கலானது.

வேலை நடக்கும் முறை

முதலில் அளவு. இருவர் படுக்க ஏறத்தாழ 1.9 முதல் 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும். டிஃபெண்டர் 110-இல் இந்த நீளம் தாராளமாகக் கிடைக்கும். குட்டையான 90-இல் படுக்கை முன் இருக்கைகளுக்கு மேலும் நீள வேண்டும். பழைய டிஃபெண்டரின் மொத்த அகலம் 1.79 மீட்டர், ஆனால் சுவர்கள் மேலே போகப்போக உட்சாய்வதால் கூரையருகே அத்தனை அகலம் இராது.

வெட்டவேண்டிய வண்டியானால் சமதளத்தில் நிறுத்தி, உள்ளே மூலைக்கு மூலை குறுக்களவுகளை எடுத்து எழுதி வைப்பது வழக்கம். வெட்டியபின்னும், சட்டம் பொருத்தியபின்னும் அதே அளவுகள் வர வேண்டும். வெட்டுமுன் பக்கச் சுவர்களுக்கிடையே தற்காலிகத் தாங்குகம்பிகள் வைக்கப்படும். சுற்றுச்சட்டம் தயாராகிக் கையில் வந்து சேரும் முன் கூரையில் கைவைப்பது தவறு. அரைகுறையாக வெட்டிய வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நின்று, தன் எடையாலேயே சிறிது சிறிதாகச் சரிந்துவிடும்.

துளையின் மூலைகள் செங்கோணமாக இருக்கக் கூடாது. நல்ல வளைவோடு இருக்க வேண்டும். கூர்மூலையில் தகைவு குவிந்து, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். 1954-இல் இரு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதை ஆராய்ந்தவர்கள் கண்டதும், உடற்கூட்டில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளில் தொடங்கிய சோர்வு விரிசல்களையே. வண்டிக் கூரைக்கு அத்தனை அழுத்தம் இல்லை என்றாலும், கற்கள் நிறைந்த பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிர்வு அதே வேலையை மெதுவாகச் செய்யும்.

ஆங்கிள் கிரைண்டரால் வேகமாக வெட்டலாம். ஆனால் அதன் சூடு பெயின்டைக் கருக்கும். பறக்கும் பொறிகள் கண்ணாடியிலும் பெயின்டிலும் ஒட்டி ஓரிரு நாளில் துருப்புள்ளிகளாகும். தகடு வெட்டும் ரம்ப இயந்திரம் மெதுவானது, ஆனால் சுத்தமானது. வெட்டுவாயை அரத்தால் மழுக்கி, துருத் தடுப்புப் பூச்சு பூசிய பிறகே சட்டம் ஏறும்.

சட்டத்தைத் தகட்டோடு இணைக்க ரிவெட்டுகளும் நெகிழ்ச்சியுள்ள பாலியூரிதீன் ஒட்டுப்பசையும் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன. நெகிழ்ச்சி ஏன் தேவை என்பதை ஒரு கணக்கு காட்டும். வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். எஃகுக் கூரையின் மேல் 2.4 மீட்டர் நீள அலுமினியச் சட்டம் இருந்தால், பாலைவன இரவுக்கும் நண்பகல் வெயிலில் காயும் தகட்டுக்கும் இடையிலான 50 பாகை செல்சியசு வேறுபாட்டில் இரண்டின் நீளமும் 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். கெட்டியான பசை நாள்தோறும் இப்படி இழுபட்டு விண்டுவிடும். நெகிழும் பசை கூடவே நீண்டு சுருங்கும். இரு உலோகங்களும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பும் உண்டாகும். பசைப்படலம் அவற்றைப் பிரித்துவைத்து அதையும் தடுக்கிறது.

நீர் புகாமைக்கு ரப்பர் பட்டை ஒன்றை மட்டும் நம்புவது நல்லதன்று. சுற்றுச்சட்டத்தின் வெளிவிளிம்பு மேல்நோக்கி நிமிர்ந்திருக்க, கூரையின் விளிம்பு அதற்கு வெளியே கீழிறங்கி மூட வேண்டும். பானையின் மேல் கவிழ்ந்த மூடியைப் போல. அப்போது பட்டை தேய்ந்தாலும் மழைநீர் மேலேறி உள்ளே வர இயலாது. பட்டையின் முக்கிய வேலை புழுதியைத் தடுப்பது. செம்மண் பாதையில் பின்கதவு உறிஞ்சும் புழுதி மெத்தை முழுவதும் படிந்துவிடும் என்பதால் அதுவும் சிறிய வேலையன்று.

தூக்கும் தண்டுகளும் பூட்டுகளும்

கூரையைத் தூக்க, காரின் பின்கதவில் இருப்பது போன்ற வாயு அழுத்தத் தண்டுகள் பயன்படுகின்றன. இவற்றைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாகக் கூரை 60 கிலோ, நீளம் 2.4 மீட்டர் என்று கொள்வோம். எடை நடுவில், கீலிலிருந்து 1.2 மீட்டரில் செயல்படும். கீலைச் சுற்றிய திருப்புவிசை ஏறத்தாழ 705 நியூட்டன் மீட்டர். கூரை திறந்த நிலையில் தண்டுகளின் விசைக்கோடு கீலிலிருந்து 0.4 மீட்டர் தள்ளி அமைந்தால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,760 நியூட்டன், அதாவது ஒவ்வொன்றும் 880 நியூட்டன் தர வேண்டும். மூடிய நிலையில் தண்டுகள் படுத்துவிடுவதால் அந்தத் தொலைவு 0.1 மீட்டராகக் குறையும். உதவி கால் பங்காகிவிடும். அப்போது பின்விளிம்பைப் பிடித்துத் தூக்குபவர் முதலில் 22 கிலோ அளவுக்குப் பலம் கொடுக்க வேண்டும். பாதித் தூரம் வந்ததும் கூரை தானே எழும்.

கூரையின் மேல் 20 கிலோ எடையில் சூரிய மின்தகடுகளைப் பின்னாளில் சேர்ப்பவர்கள் பலர். அப்போது திருப்புவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய தண்டுகள் போதா. குளிரும் கணக்கில் வர வேண்டும். வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு மாறுவதால், 20 பாகையில் சரியாக இருந்த தண்டு பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். மலைமேல் உறைபனி இரவில் கூரை மெல்லத் தாழ்ந்து தூங்குபவரின் முகத்தருகே வருவது இதனால்தான். திறந்த நிலையில் மாட்டிவைக்க ஓர் இரும்புத் தாங்குகோல் இருந்தால் இந்த அச்சம் இல்லை.

பூட்டுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 நியூட்டன். 3.3 சதுர மீட்டர் கூரையில் அதன் மூன்றில் ஒரு பங்கே மேல்நோக்கி இழுத்தாலும் 50 கிலோவைத் தூக்கும் விசை உண்டாகும். மேலே கண்ட 60 கிலோக் கூரையில் தண்டுகளின் உதவி போக 45 கிலோ எடைதான் மிஞ்சுகிறது. ஆக, பூட்டு இல்லையேல் கூரை தானாகவே எழும்பிவிடும். எனவே ஒன்றையொன்று சாராத குறைந்தது இரு பூட்டுகள், கண்ணில் படும் இடத்தில், வேண்டும். கூரை திறந்திருந்தால் ஓட்டுநர் முன் எரியும் சிவப்பு விளக்கும் சிலர் வைப்பர். நூறு ரூபாய் சுவிட்ச் ஒன்றால் ஆகும் வேலை அது.

எடையும் சாய்வும்

வண்டியின் உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. 2,000 கிலோ எடையும், தரையிலிருந்து 0.8 மீட்டரில் ஈர்ப்பு மையமும், 1.5 மீட்டர் சக்கர இடையகலமும் கொண்ட வண்டி, கணக்குப்படி 43 பாகைப் பக்கச் சரிவு வரை கவிழாது. அதன் மேல் 2.1 மீட்டர் உயரத்தில் 120 கிலோ ஏற்றினால் மையம் 7 சென்டிமீட்டர் உயர்ந்து, எல்லை 41 பாகைக்கும் கீழே இறங்கும். சுருள்வில்கள் ஒருபக்கம் அமுங்குவதாலும், ஓட்டத்தில் வரும் குலுக்கலாலும் உண்மை எல்லை இரண்டு நிலைகளிலும் இதைவிட வெகுவாகக் குறைவு. பழைய கூரையைக் கழற்றுவதால் ஓரளவு எடை கழியும். அந்த ஆதாயத்தைக் கனமான ப்ளைவுட்டிலும் தடித்த மெத்தையிலும் இழப்பவர்கள் உண்டு. படுக்கைப் பலகைக்குத் தேன்கூட்டு அட்டை போன்ற எடை குறைந்த பொருளும், மெத்தைக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் நுரையும் போதும். மூடிய கூரைக்குள் தலையணை, போர்வை தவிர வேறெதையும் வைக்காமலிருப்பது நல்ல பழக்கம்.

இருவர் படுத்தால் மெத்தையோடு 180 கிலோ வரை கட்டில் விளிம்பின் மேல் இறங்கும். வண்டி நிற்கும்போது வரும் சுமை என்பதால் கவிழும் அபாயம் இல்லை. ஆனால் அது சுற்றுச்சட்டத்தின் மீதே இறங்குமாறு அமைக்க வேண்டும். கான்வாஸ் பிடித்திருக்கும் காடியின் மீதோ மெல்லிய தகட்டின் மீதோ இறங்கினால் ஓரிரு பயணங்களிலேயே ரிவெட்டுகள் கழலும்.

துணி, ஈரம், மூச்சு

சுவர்த்துணிக்குப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கான்வாஸ் ஏற்றது. நனைந்ததும் பருத்தி இழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், காய்ந்தபின் மூச்சுவிடும். பிளாஸ்டிக் பூச்சுத் துணி நீரை முற்றாகத் தடுக்கும். உள்ளிருக்கும் ஈரத்தையும் அதேபோல் சிறைவைக்கும். இருவர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் காற்றில் கலக்கின்றனர். குளிர்ந்த அலுமினியக் கூரையில் அது துளித்துளியாய்ப் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். ‘கூரை ஒழுகுகிறது’ என்று வரும் முறையீடுகளில் பல உண்மையில் இதுதான். கூரையின் உட்புறம் மூடிய கண்ணறை நுரை ஒட்டுவதும், எதிரெதிரே இரு கொசுவலைச் சாளரங்களைச் சிறிதளவேனும் திறந்து வைப்பதும், மெத்தைக்கடியில் காற்றோடும் வலைப்பாய் விரிப்பதும் இதற்கு மருந்து. ஈரத்துணியோடு கூரையை மூட நேர்ந்தால் அன்று மாலையே திறந்து உலர்த்த வேண்டும். வெப்பமான இடங்களில் பூஞ்சைக்கு ஓரிரு நாளே போதும்.

காற்றோட்டம் வசதிக்காக மட்டுமன்று. மேல்படுக்கை என்பது வண்டியின் சூடான காற்றும் அடுப்புப் புகையும் சேரும் இடம். குளிருக்காகச் சாளரங்களை மூடிவிட்டுக் கீழே எரிவாயு அடுப்பையோ கரியையோ எரியவிடுவது உயிர்க்கொல்லி. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழுப்பாது. டீசல் சூடேற்றி வைப்பவர்கள் அதன் புகைக்குழாய் வண்டிக்கு வெளியே, சாளரங்களுக்கு விலகி முடிகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். தீப்பிடித்தால் உள்வழி அடைபடலாம் என்பதால், உள்ளிருந்து முழுமையாகத் திறந்து வெளியே இறங்கக்கூடிய துணிச்சாளரம் ஒன்றேனும் இருக்க வேண்டும்.

சட்டம்

ஜெர்மனியில் இம்மாற்றத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வமைப்பு சோதித்து வண்டியின் ஆவணங்களில் பதிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘வி.எஸ்.பி. 14’ எனப்படும் தேசிய மாற்றமைப்பு நெறிமுறை உள்ளது. கூரையை வெட்டிய வண்டிக்குப் பொறியாளரின் சான்று தேவைப்படும். பின்னிருக்கைகளை எடுத்தால் பதிவிலுள்ள இருக்கை எண்ணிக்கையும் மாறும். பிரிட்டனில் சிறு வேடிக்கை ஒன்றுண்டு. வேனை முகாம் வண்டியாகப் பதிவதற்குப் பார்க்கும் வெளித்தோற்ற அடையாளங்களில் உயர்ந்த கூரை ஒன்று. ஆனால் எழும்பு கூரை அந்தக் கணக்கில் சேராது. மடங்கியிருக்கும்போது அது சாதாரண வண்டியாகவே தெரிகிறதாம்.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இங்கே கூரையை வெட்ட எண்ணுபவர் முதலில் அணுகவேண்டியது பட்டறையை அல்ல, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப்பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. இந்தத் தடைகளால், எதையும் வெட்டாமல் சுமைச்சட்டத்தில் அமரும் கூரைக்கூடாரத்தையே இந்தியாவில் பலர் நாடுகின்றனர்.